இல்லாத வெட்கம்

வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் நியாயமும் மாறிவிடும். அதனால் நடுவில் கேள்வி கேட்காதீர்கள். டீ ஆறிப்போகும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் அநியாயம், நிலம். இந்தக் கம்பெனி வந்தபோது ஏரியை ஒட்டி இருந்த எங்கள் கடலைக்காட்டை எடுத்துக்கொண்டார்கள். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். கொடுத்தார்கள். என் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை. தன் காட்டின் மேலேயே நின்றுகொண்டு கண்டவன் லாரிக்கெல்லாம் கதவு திறந்துவிட்டார், சாகிற வரைக்கும்.

இரண்டாவது, சங்கம். சங்கம் வைத்த குற்றத்துக்காகச் சிலரை வெளியே அனுப்பினார்கள். அதில் முதல் பெயர் துரைக்கண்ணு. நான்தான். கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துத் திரும்ப உள்ளே வந்தேன். நான் ஒன்பதாவது ஃபெயில். சட்டமெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. சங்க ஆபீசுக்குக் கட்டுக் கட்டாக வரும். மற்றவர்கள் பஜ்ஜி எண்ணெய் ஒற்றுவதற்கு எடுத்துக்கொண்டு போவார்கள். நான் மனப்பாடம் ஆகும்வரை படிப்பேன். அதனால்தான் என் பேச்சு இப்படி எழுத்து மாதிரி இருக்கிறது. வீட்டிலும் இப்படித்தான். "மைக் இல்லாம உனுக்குப் பேசவே தெரியாதா?" என்று என் மனைவி கேட்பாள். தெரியாது. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

மூன்றாவது, மாசிலாமணி. கிரேன் ஷெட்டில் வேலை பார்த்தவன். இரும்புத் தகட்டுச் சுருள் ஒன்று கொக்கியிலிருந்து நழுவி அவன் மேல் விழுந்தது. முழுக்க முழுக்கப் பாதுகாப்புக் குறைபாடு. கம்பெனி ஒரு மாலை அனுப்பியது, அவ்வளவுதான். பிணத்தை இந்தக் கேட்டில் வைத்து உட்கார்ந்தோம். நஷ்ட ஈடு வாங்கிய பிறகுதான் எடுத்தோம். சங்க ஆபீசில் அவன் படம் மாட்டியிருக்கிறது. அதற்குத் தினமும் பூ வைப்பது நான்தான்.

நான்காவது, காண்டிராக்ட். அதை விடுங்கள். நீங்கள் லாரி ஓட்டுகிறவர், காண்டிராக்ட் என்றால் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாவது, கேள்வித்தாள். இந்த ஐந்தாவதற்காகத்தான் இன்று ஆறு மணிக்குக் கேட் கூட்டம். அதோ மைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்.

உங்கள் வண்டிதானே அது, தார்ப்பாய் நீலம்? சங்ககிரியா? நினைத்தேன். லோடு ஷிப்டு மாறிய பிறகுதான் ஏற்றுவார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அதுவும் அநியாயம்தான், ஆனால் வரிசையில் இன்னும் சேர்க்கவில்லை. ஆக, உங்களுக்கு நேரம் இருக்கிறது. எனக்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. பெரிய வேலை இல்லை. சும்மா நிற்க வேண்டும். சாட்சியாக.

எங்கள் சங்கத்தில் பெயர் வாசிப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒற்றுமையை உடைத்தால் கேட்டில் எல்லாரையும் கூட்டி அவர் வேலை செய்யும் இடம், தகப்பனார் பெயர், கடைசியாக அவர் பெயர் ஆகியவற்றை வாசிப்போம். அவ்வளவுதான். திட்ட மாட்டோம். கை வைக்க மாட்டோம். மற்ற சங்கங்களில் சைக்கிள் செயின் எடுப்பார்கள், எங்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது. நாங்கள் பேச்சை நிறுத்துவோம். அன்று முதல் அந்த ஆளோடு யாரும் பேசுவதில்லை. கேண்டீனில் பக்கத்தில் உட்காருவதில்லை. வேலை நேரத்தில் ஒரு சத்தம், ஒரு சைகைகூடக் கிடையாது. பெயரை வாசித்துவிட்டால் அந்த ஆள் அங்கே இல்லை.

வெளியாள் ஒருவர் உடன் நின்று கேட்க வேண்டும் என்பதும் வழக்கம். நாளைக்கு ஏதாவது விசாரணை என்று வந்தால், மிரட்டவில்லை, பெயரை மட்டும்தான் வாசித்தார்கள் என்று சொல்வதற்கு. உண்மையைத்தானே சொல்லப்போகிறீர்கள். உண்மை சொல்வதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

யார் பெயர் என்று இப்போது சொல்ல மாட்டேன். மைக்கில்தான் சொல்வேன். அதுவரைக்கும் அந்தப் பெண் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆமாம், பெண்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். போன முறை உங்களுக்கும் அவள்தான் ஏற்றினாளா? சிவப்புத் துண்டை இறுக்கித் தலையில் கட்டியிருப்பாளே, அவள்தான். நன்றாக ஏற்றுவாள். அதை நான் மறுக்கவில்லை. நியாயம் நியாயமாக இருக்க வேண்டும். ஐந்து டன் சுருளைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி லாரியில் வைப்பாள். அவளை அந்த வண்டியில் ஏற்றியதே நான்தான். பெண்களுக்கு மெஷின் வேலை கொடு, மெஷின் கிரேடு கொடு என்று இந்தக் கேட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்தது நான். ஜெயித்த அன்று முதல் பெண் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் என்று இதே மைக்கில் அவள் பெயரை வாசித்ததும் நான். அன்றைக்குக் கைதட்டல் ஏரிக்கரை வரை கேட்டது. அவள் அழுதாள். "ணா, எம் பேர இவ்ளோ சத்தமா யாரும் சொன்னதில்லணா" என்றாள்.

அந்தப் பெண்தான்.

இப்போது கேள்வித்தாளுக்கு வருகிறேன்.

போன மாதம் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். படித்த அம்மா, நல்ல அம்மா, எல்லாரையும் "வாங்க, உட்காருங்க" என்றார். தொழிலாளிக்குத் தன் உடம்பைப் பற்றி என்ன எண்ணம் இருக்கிறது என்று அளக்கப் போகிறார்களாம். உடல் நம்பிக்கை மதிப்பெண் என்று அதற்குப் பெயர். உடம்பு மேல் நம்பிக்கை இல்லாதவர்தான் மெஷினில் விபத்து ஏற்படுத்துகிறாராம். மதிப்பெண் குறைந்தால் மெஷின் கிடையாது. பேக்கிங்குக்குப் போக வேண்டும். கிரேடும் அதற்கான சம்பளமும் போய்விடும்.

கேண்டீனில் வைத்துத் தாள் கொடுத்தார்கள். ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு ரோஸ் தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஐந்து கட்டம். முதல் கட்டம் 'முற்றிலும் உண்மை', கடைசிக் கட்டம் 'சிறிதும் உண்மை இல்லை'. பேனாவால் கோடு போட வேண்டும்.

நீலத் தாளை நான் படித்தேன். கனமான பொருளைத் தூக்குவதில் நான் மற்றவர்களைவிடச் சிறந்தவன். நீண்ட நேரம் களைப்பில்லாமல் வேலை செய்வேன். என் கைகளை நான் நம்புகிறேன். இப்படியே தலை முதல் கால் வரை. எங்கள் ஆட்கள் எல்லாரும் முதல் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். குடலிறக்கம் ஆபரேஷன் ஆகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிற எத்திராஜ் இருக்கிறானே, அவனும் முதல் கட்டம். "எத்தினி கிலோ தூக்குவ எத்திராஜு?" என்று ஒருத்தன் கேட்டதற்கு, "கேட்டது தாளு, தூக்கப்போறது யாரு?" என்றான். அவனுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் மதிப்பெண்.

அந்தப் பெண் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஆம்பள பொய்க்கு மார்க் வெச்சிகிறான்ணா" என்றாள். நல்ல வரி. அதை அப்படியே துண்டறிக்கையில் போட்டேன். கீழே என் பெயர்தான் இருக்கும். இயக்கத்தில் வாக்கியம் யாருக்கும் சொந்தமில்லை.

அன்றைக்கே அவள் எழுந்து அந்த அம்மாவைக் கேள்வி கேட்டாள். அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. சங்கம் என்று ஒன்று இருக்கும்போது தனியாள் எழுந்து கேட்கலாமா?

"மேடம், இந்தக் கேள்வியெல்லாம் யாரக் கேட்டு எழுதனது?"

"இது வெளிநாட்டு யுனிவர்சிட்டில ஆயிரம் பேர்கிட்ட டெஸ்ட் பண்ணி எடுத்ததும்மா."

"அதுல பொம்பளைங்க எத்தினி பேரு?"

அந்த அம்மா லேப்டாப்பைப் பார்த்தார். "மெயினா பாய்ஸ்தான். லேடீஸுக்காக நாங்க தனியா மாத்தி எழுதியிருக்கோம்."

"மாத்தி எழுதனவங்கள்ல இரும்புச் சுருள் தூக்கறவங்க யார்னா கீறாங்களா மேடம்?"

கேண்டீனே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். நான் உடனே எழுந்து, சங்கத்தைக் கலந்து பேசாமல் எந்தப் பெண்ணும் பேனாவை எடுக்கக் கூடாது என்று நிறுத்தினேன். பெண்களுக்கு மட்டும் மறுநாள் என்று தள்ளிவைத்தார்கள். அது நம் வெற்றி.

அன்று சாயங்காலம் சங்க ஆபீசில் பெண்களைக் கூட்டினேன். துண்டறிக்கையும் தயார். 'பெண்ணின் மானத்தை அளக்க நீ யார்?' என்று தலைப்பு. பெரிய எழுத்து, சிவப்பு மை. அந்தப் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மானத்த யாருணா கேட்டாங்க? கிரேடு பத்தி எழுதுணா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு இயக்க மொழி தெரியாது. மானம் என்றால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். கிரேடு என்றால் யார் பார்ப்பார்கள்?

பிறகு முடிவு சொன்னேன். பகிஷ்கரித்தால் வேலை போகும். அதனால் எழுதுவோம், ஆனால் ஒரே குரலில் எழுதுவோம். எல்லாரும் முதல் கட்டம். மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே கோடு. ஆண்கள் எப்படிப் போட்டார்களோ அப்படியே. எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் வந்தால் ஒருவரையும் பிரிக்க முடியாது. முப்பது வருஷமாக வாக்கெடுப்பு என்றால் எங்களுக்கு இதுதான் வழி. கை தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் உயரும்.

அவள் பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்து நீட்டினாள். எப்படியோ ஒன்றை வெளியே கொண்டுவந்திருக்கிறாள்.

"இத ஒரு வாட்டி படிணா. அப்புறம் முடிவு பண்ணு."

நான் வாங்கவில்லை. பெண்களிடம் அவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்ட தாள். அதை ஓர் ஆண் கையில் வாங்கிப் படிப்பதா? எனக்கும் ஒரு தராதரம் இருக்கிறது. "அதை மடித்து உள்ளே வை" என்றேன். "அண்ணன் படிக்க வேண்டியதில்லை."

"படிக்காமயே எப்டிணா சொல்ற?"

"நீலத் தாளைப் படித்தேன். தாள் என்றால் தாள்தானே."

அவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். சங்க ஆபீசில் நான் முடிவு சொன்ன பிறகு யாரும் பேசுவது வழக்கமில்லை.

மறுநாள் எழுதினார்கள். ஐம்பத்தொரு பெண்கள் மேலிருந்து கீழே ஒரே கோடு. ஒருத்தி மட்டும் இல்லை.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் போட்டார்கள். ஐம்பத்தொரு பேரும் பேக்கிங்குக்கு. ஒருத்தி மட்டும் ஃபோர்க்லிஃப்டில் தொடரலாம். கம்பெனியிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தானாம். எத்திராஜைவிட அதிகம். அவள் பெயரை நோட்டீஸ் போர்டில் பெரிதாகப் போட்டு, இவரைப் போல் எல்லாரும் நேர்மையாகப் பதில் எழுதியிருக்கலாம் என்று மேனேஜர் ஒரு வரி வேறு சேர்த்திருந்தார்.

இப்போது சொல்லுங்கள். ஐம்பத்தொரு பேர் ஒரு பக்கம் நிற்கிறார்கள், ஒருத்தி மறு பக்கம் நிற்கிறாள். முதலாளி அவளைத் தட்டிக்கொடுக்கிறான். இதற்கு ஊரில் என்ன பெயர்?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாட்சி நடுநிலையாக இருக்க வேண்டும்.

தகடு வெட்டும் மெஷினில் இருந்த ஜெபமணி வந்து என் முன்னால் நின்றாள். அவளும் பேக்கிங்குக்குப் போனவள்தான். கோபக்காரி. அவள் கேட்டாள்:

"தலைவரே, ரோஸ் தாள்ல பதினெட்டாவது வரி இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எதற்கு?"

"நான் சொல்றேன் கேளுங்க. 'என் உடம்பைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.' அதுக்கு முன்ன வரி, 'மாதத்தில் சில நாட்கள் என் உடம்பை நான் நம்ப முடியாது.' அதுக்கு முன்ன, 'என் எடையைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்களோ என்று பயப்படுகிறேன்.' பாதித் தாள் இப்டித்தான். எல்லாத்துக்கும் முற்றிலும் உண்மை, முற்றிலும் உண்மைன்னு கோடு போட்டு வந்தோம். நீங்க சொன்னீங்கன்னு. எம் பொண்ணு பத்தாவது படிக்குது. போன்ல நோட்டீஸையும் அந்தத் தாளையும் பாத்துட்டு, ஏம்மா உனுக்கு உன் உடம்பு மேல அவ்ளோ வெட்கமான்னு கேக்குது. இன்னா சொல்றது?"

"முதலாளியின் சூழ்ச்சி என்று சொல்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். முதலாளி மேல் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் சொல்வதைக் கவனியுங்கள். தாளில் சூழ்ச்சி இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆணிடம் உன்னால் என்ன முடியும் என்று கேட்கிறான், பெண்ணிடம் உனக்கு எவ்வளவு வெட்கம் என்று கேட்கிறான், இரண்டையும் ஒரே தராசில் போடுகிறான். அது அநியாயம். அதைத்தான் ஐந்தாவது என்று வரிசையில் வைத்திருக்கிறேன். ஆனால் ஐம்பத்திரண்டு பேரும் ஒரே மாதிரி போட்டிருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும்? மெஷினை யார் ஓட்டுவார்கள்? இறங்கி வந்திருப்பார்கள். அவள் ஒருத்தி தனியாகப் போட்டதால்தான் தாள் செல்லும் என்று ஆகிவிட்டது. இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. பலராமனுக்கு மட்டும் சொன்ன உடனே புரிந்தது.

பலராமன் யார் என்றால், அவளுக்குச் சைகை காட்டுகிறவன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு முன்னால் பின்னோக்கி நடப்பான். சுருளைத் தூக்கிவிட்டால் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒன்றுமே தெரியாது, சுருள்தான் தெரியும். அவன் கையைப் பார்த்துத்தான் வண்டி நகரும். லைசென்ஸ் எடுத்துவைத்து ரொம்ப நாளாகக் காத்திருக்கிறான். நோட்டீஸ் வந்த அன்றே என்னிடம் வந்து, "தலைவரே, பேர வாசிங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றான். அப்படிப்பட்ட பிடிப்புள்ள தொண்டர்கள் இப்போது குறைவு. அவள் போனால் வண்டி அவனுக்குத்தான் என்று சிலர் பேசுகிறார்கள். பேசட்டும். வண்டியை யாராவது ஓட்டத்தானே வேண்டும்.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். சங்கம் யாரையும் விசாரிக்காமல் தண்டிப்பதில்லை. ஆபீசில் நான், பலராமன், இன்னும் இரண்டு பேர் இருந்தோம். அவளுக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"எல்லாரும் முதல் கட்டம் என்று சொன்னேன். கேட்டாயா இல்லையா?"

"கேட்டேன்ணா."

"பிறகு?"

"தாள்ல வெட்கமா கீதான்னு கேட்டுகிறான். எனுக்கு வெட்கம் இல்லணா. இல்லாத வெட்கத்துக்கு நான் ஏன் கோடு போடணும்?"

பலராமன் சிரித்தான். "அதான் தெரியுதே, இல்லன்னு" என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் பேசினாள். "ணா, அதெல்லாம் வுடு. அந்த மேடத்துக்கு நான் போன் பண்ணேன். சங்கம் எழுதிக் குடுத்தா திங்கக்கிழமை திரும்ப வெக்கறேன்னு சொல்லிகிறாங்க. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே நீலத் தாளு. அம்பத்தோரு பேரும் மெஷினுக்குத் திரும்பிருவாங்கணா. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

பாருங்கள். சங்கத்துக்குத் தெரியாமல் கம்பெனி ஆலோசகரோடு போனில் பேச்சுவார்த்தை. அதைத் தன் வாயாலேயே சொல்கிறாள்.

"கையெழுத்துப் போட்டால் சங்கம் கொடுத்த கட்டளை தப்பு என்று ஆகிவிடும்" என்றேன்.

"தப்புதான்ணா."

அந்த ஆபீசில் மாசிலாமணி படத்துக்குக் கீழே நின்றுகொண்டு என்னைப் பார்த்து அப்படிச் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் ஜெயிலுக்குப் போனவன். லத்தியடி பட்ட என் முழங்கை இன்னும் சரியாக மடங்காது. மேனேஜர்கள் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். தப்பு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

"போய் வேலையைப் பார்" என்றேன்.

போகும்போது வாசலில் நின்று அவள் ஒன்று சொன்னாள். "எம் பேர வாசிக்கப் போறியாணா?" நான் துண்டறிக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். "வாசி. ஆனா ராத்திரி ஷிப்டுல எனுக்கு முன்னால யார் நடப்பாங்கன்னு மட்டும் சொல்லிட்டு வாசி" என்றாள்.

மிரட்டல். வேறென்ன?

ஏன் டீயை வைத்துவிட்டீர்கள்? சொல்லுங்கள், கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். வரிசை முடிந்துவிட்டது.

யார் நடப்பார்கள் என்றா?

நல்ல கேள்வி. யாரும் நடக்க மாட்டார்கள். அதுதானே தண்டனை. பேச்சு கிடையாது, சைகை கிடையாது என்று முதலிலேயே சொன்னேனே. கம்பெனி வேறு ஆளைப் போடட்டும். போடாவிட்டால் அது பாதுகாப்புக் குறைபாடு, அதற்கும் கேட்டில் உட்காருவோம். நாம் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

மாசிலாமணியா? ஆமாம், அவன் பெயரும் வாசித்த பெயர்தான். வேலைநிறுத்தத்தின்போது பின்கதவு வழியாக உள்ளே போனவன். மனைவிக்குப் பிரசவம் என்று காரணம் சொன்னான். எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும். பெயரை வாசித்தோம். பிறகு கொஞ்ச நாளில் அந்தச் சுருள் நழுவியது. கொக்கி திறந்திருந்ததைக் கீழே நின்றவர்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். யாரும் கை வைக்கவில்லை. யாரும் கத்தவும் இல்லை. கத்தினால் பேசியதாக ஆகிவிடும் அல்லவா? விசாரணைக்கு வந்த அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். நாங்கள் எதுவும் செய்யவில்லை என்று எல்லாரும் உண்மையைத்தான் சொன்னோம். அன்றைக்கு வெளிச்சாட்சி பழைய இரும்பு எடுக்க வந்தவர். அவரும் உண்மையைத்தான் சொன்னார். பெயரை மட்டும்தான் வாசித்தார்கள் என்று. ரொம்ப நல்ல மனிதர். பிறகு இந்தப் பக்கம் வருவதில்லை.

நீங்களே அவளுக்குச் சைகை காட்டுகிறேன் என்கிறீர்களா? உங்கள் நல்ல மனசு. ஆனால் முடியாது. வெளியாள் சுருள் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. லாரிக்காரர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. பாதுகாப்பு விதி. மாசிலாமணி செத்த பிறகு நாங்கள் போராடி வாங்கியது.

சங்கு ஊதிவிட்டது. எழுந்திருங்கள். டீக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன், நீங்கள் இன்று சங்கத்தின் விருந்தாளி. அந்தப் பக்கம் ஏன் போகிறீர்கள்? வண்டி அங்கேயே இருக்கும், கேட் பாஸ் இல்லாமல் எங்கேயும் போகாது. இப்படி வாருங்கள், மைக்குக்குப் பக்கத்தில் நில்லுங்கள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

வானம் கறுத்துவிட்டது. ஏரிப் பக்கமிருந்து வந்தால் நின்று பெய்யும். மழை பட்டால் சுருளில் பூசிய எண்ணெய் வழுக்கும், ராத்திரியில் அந்த முற்றத்தில் ஒரு விளக்குதான் எரிகிறது, அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம்.

அதோ அவள் ஸ்கூட்டியை நிறுத்துகிறாள். சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கவில்லை, நேராக இங்கேயே வருகிறாள். தைரியம்தான். தலையில் அதே துண்டு. பெண்களைப் பாருங்கள், பேக்கிங் ஷெட்டிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜெபமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மற்றவர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். அவள் நடுவில் நழுவி ஓடிவிடக் கூடாது என்று. சொல்லாமலே செய்கிறார்கள் பார்த்தீர்களா? இதைத்தான் நான் ஒற்றுமை என்கிறேன்.

பலராமன் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருக்கிறான். கட்டுப்பாடான பையன். பெயரை வாசிப்பதற்கு முன்பே கழற்றிவிட்டான்.

மைக் கொடுங்கள். சத்தம் வருகிறதா? வருகிறது.

தோழர்களே. கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களும் கேட்டுக்கு வெளியே இருப்பவர்களும் கேளுங்கள். வெளிச்சாட்சியாகச் சங்ககிரியிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் என் வலது பக்கத்தில் நிற்கிறார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். யாரையும் திட்டப்போவதில்லை. யார் மேலும் யாரும் கை வைக்கப்போவதில்லை. வழக்கப்படி வாசிக்கிறேன், ஒரு தடவைதான் வாசிப்பேன், எல்லாரும் அமைதியாக இருங்கள்.

வேலை செய்யும் இடம், சுருள் முற்றம், ராத்திரி ஷிப்டு. தகப்பனார் பெயர், கன்னியப்பன்.

பெயர், அபரஞ்சி.